கடல்மேல் விழுந்த நிழலைப் பற்றி வெண்கழிப்பட்டினத்து நகர சபைக்கு

நலம் நிலைபெறுக. குன்றும் கழியும் கொழுவயலும் உடைய குமிழிநாட்டைத் தம் குடைக்கீழ் வைத்துக் காப்பவரும், பகைவர் கோட்டை பதினொன்றின் கதவுகளைக் கொணர்ந்து தம் யானைக்கொட்டிலுக்குக் கதவாக்கியவருமான அடலேறு விறலேந்தி மாமன்னரின் திருவாய்மொழியை எழுத்தில் வைக்கவும், அவர்தம் மான் முத்திரையைக் காக்கவும் உரிமை பெற்ற ஓலைநாயகம் பூதன் மழவராயன் விடுக்கும் ஓலை.

உப்பு வெளுக்கவும் மீன் கொழுக்கவும் நாவாய் பல நங்கூரம் பாய்ச்சவும் பேறுபெற்ற வெண்கழிப்பட்டினத்து நகர சபையோர்க்கும், சபைத் தலைவர் சாத்தன் கடம்பனாருக்கும், அவர்தம் இல்லத்தார் அனைவர்க்கும் கொற்றவையின் அருள் குறைவின்றிக் கிடைப்பதாக. நும் ஊர்க் கிணறுகள் இனித்திருக்க. நும் தெருக்கள் அகன்றிருக்க. நும் அளவுக்கயிறுகள் இழுத்த இழுப்புக்கு நீளாதிருக்க. இவ்வாழ்த்துகளுள் கடைசியானதை யாம் வழக்கமாக எழுதுவதில்லை என்பது நுமக்குத் தெரியும். இம்முறை எழுதக் காரணம் உண்டு.

புரட்டாசித் திங்கள் முப்பதாம் நாளிட்டு நீவிர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் எம் உடல்நலத்தை இருமுறை வினவியிருந்தீர். ஒருமுறை வினவுவது மரியாதை. இருமுறை ஏன் வினவினீர் என்று யாம் நெடுநேரம் எண்ணியிருந்தோம். ஓலையின் கட்டிலும் எப்போதும் உள்ள ஒரு முடிச்சுக்கு மாறாக மூன்று முடிச்சுகள் இருந்தன. அவற்றை அவிழ்த்து உள்ளே கண்டது இதுவே: கரையில் நிற்கும் விளம்பரப் பலகை முறைப்படி ஒப்புதல் பெற்றது என்றும், பரதவர் சேரியைச் சேர்ந்த கொற்றன் என்பான் கடலால் இறந்தானேயன்றிப் பலகையால் இறக்கவில்லை என்றும், ஆகவே இப்பொருளை இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர். முடித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் எமக்கு எழுதினால், யாம் அங்கேதான் தொடங்குவோம்.

மாமன்னரும் கேட்கும்படி இவ்வோலை அவையில் வாசிக்கப்படும் ஆதலின், நடந்ததை முதலில் சொல்கிறோம். நும் ஊரின் அகில் வணிகர் தேவன் பொலியன், ஆவணித் திங்களில், சுங்கமேட்டின்மேல் இருபத்திரண்டு முழம் அகலமும் பதினெட்டு முழம் உயரமும் உள்ள மரப்பலகை ஒன்றைக் கடலை நோக்கி எழுப்பித் தம் பெயரையும் தம் அகிலின் பெருமையையும் மஞ்சள் வண்ணத்தில் எழுதுவித்தார். நும் பரதவர்கள் மாலைதோறும் கரை திரும்புகையில், குன்றின்மேல் நிற்கும் ஒற்றைப் பனையையும் அதற்கு முன்னே நிற்கும் கொற்றவை கோயில் கொடிமரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படக் கண்டு, அந்த நேரைப் பிடித்தே ஆமைப்பாறைகளுக்கு இடையே உள்ள குறுகிய வாயிலில் படகைச் செலுத்துவர். அந்த நேருக்குக் குறுக்கேதான் பலகை நின்றது. புரட்டாசி இருபத்தேழாம் நாள் மாலை, கடல் கொந்தளித்திருக்க, பனையும் தெரியாமல் கொடிமரமும் தெரியாமல் மனக்கணக்கில் வந்த படகொன்று பாறையில் மோதி உடைந்தது. நால்வரில் மூவர் நீந்திக் கரையேறினர். கொற்றன் ஏறவில்லை. மறுநாள் முதல் நாற்பது படகுகளும் மூன்று காதம் தெற்கே போய் மணற்கரையில் இறங்குகின்றன. கார்த்திகையில் வாடை எழுந்துவிட்டால் தெற்குக் கரையில் எப்படகும் இறங்க முடியாது. அதற்குள் இது தீர வேண்டும்.

இனி எம் ஐயங்களை அவை வந்த வரிசையிலேயே எழுதுகிறோம். முடிவை மட்டும் எழுதினால் நீவிர் அதை ஐயுறுவீர். நும் இடத்தில் யாம் இருந்தால் ஐயுறுவோம்.

முதலில் வணிகரை ஐயுற்றோம். அகில் வாங்குவோர் ஊருக்குள் இருக்க, ஒருவர் தம் பெயரைக் கடலை நோக்கி எழுதுவானேன்? மீன்கள் அகில் புகைப்பதில்லை. வடகரை வேந்தனின் கலங்கள் சித்திரை முதல் நம் கடலில் அடிக்கடி தென்படுகின்றன. மஞ்சள் எழுத்து ஒன்றுக்கு ஒரு பொருள், சிவப்பு எழுத்துக்கு வேறொரு பொருள் என்று வைத்துக்கொண்டு கோட்டைக் காவலின் செய்தியைக் கப்பலுக்குச் சொல்ல அப்பலகையைவிட நல்ல கருவி உண்டோ என்று எண்ணினோம். எம் ஒற்றர் எழினியை உப்பு வாங்குவோர் கோலத்தில் அனுப்பினோம். அவர் ஒன்பது நாள் தங்கி, பலகையின் முன்புறம், பின்புறம், கால்கள், ஆணிகள் எல்லாம் பார்த்து, வண்ணத்தைச் சுரண்டி எமக்கு அனுப்பினார். மஞ்சளுக்குக் கீழே வேறெழுத்து ஒன்றும் இல்லை. வணிகரிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்ததில் அவர் சொன்னதை எழினி மாற்றாமல் எழுதி அனுப்பியிருக்கிறார்: “கப்பல்காரன் கரையப் பாக்கும்போதே எம்பேரப் பாக்கணும்யா. எறங்கி வந்துட்டான்னா பக்கத்துக் கடைக்காரன் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடறான்.” இதில் சூது எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று நான்கு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் வணிகர், அகிலை விற்கவே விரும்பினார்.

பிறகு நும்மை ஐயுற்றோம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லமாட்டோம். நும் சபை மண்டபத்தில் அகில் மணம் வீசுவதாக எழினி முதல் ஓலையிலேயே எழுதியபோது, கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றே மகிழ்ந்தோம். இரண்டாம் ஓலையில், கொற்றவை விழாவுக்குப் புகைத்த தூபம் மண்டபத்துத் தூண்களில் ஏறியிருக்கிறது என்றும், அது மலிவான வேறு கடைச் சரக்கு என்றும், பொலியன் அதைக் குறித்து மிக வருந்துகிறார் என்றும் எழுதினார். சபைத் தலைவர் வீட்டில் இருமுறை விருந்துண்டு பார்த்தும் அங்கே கையூட்டின் தடம் எதுவும் தென்படவில்லை என்றார். விருந்தும் அப்படியொன்றும் செழிப்பாக இல்லையாம். ஆகவே நீவிர் கை நீட்டவில்லை என்று ஒப்புகிறோம். ஒப்புவதில் எமக்குச் சற்று வருத்தமே. கை நீட்டியிருந்தால் எம் வேலை அன்றே முடிந்திருக்கும்.

எனினும் நும் நிழலளவை ஏட்டை வரவழைத்துப் படித்தோம். வெளியில் எழுப்பும் பலகையோ பந்தலோ கொடித்துணியோ எதுவாயினும், முதலில் மூங்கிற்கால் நட்டு அதே அளவில் வெறுந்துணி கட்டி, காலையிலும் மாலையிலும் அதன் நிழல் யார் யார் மனைமேல் விழுகிறதோ அவரவர் வந்து, இந்த நிழல் எனக்குப் பாரமில்லை என்று சொல்லிக் குடத்தில் ஒரு புன்னையிலை இட்ட பின்னரே ஒப்புதல் தருவது நும் ஊரின் பழைய வழக்கம். நல்ல வழக்கம். நம் தலைநகரில்கூட அப்படி ஒன்று இல்லை. காலை நிழல் கயிறு திரிப்போர் கொட்டகைமேலும் உப்புக் கிடங்கின்மேலும் விழுந்தது. இருவரும் வந்து இலை இட்டனர். மாலை நிழலுக்கு எதிரே நும் ஏட்டில் உள்ள வரி இது: ‘மாலை நிழல் கடல்மேல் விழுகிறது. கடலுக்கு மனைக்காரர் இல்லை. ஆகவே ஒப்புதல் வேண்டுவதில்லை.’

நிழல் கடலில் எங்கே விழுந்தது, எதுவரை நீண்டது என்று ஏன் குறிக்கவில்லை என நும் அளவையாளரை எழினி கேட்டிருக்கிறார். விடை இது: “நெழலு தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் கயித்த எங்க பிடிக்கிறது?” எமக்கு இதைப் படித்துச் சிரிப்பு வந்தது. பிறகு, ஆமைப்பாறை வாயிலைத் தரைப்படத்தில் பார்த்து, மாலைச் சூரியனின் திசைக்கு ஒரு கோடு இழுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. ஒரு பொருளின் நிழலுக்குள் நிற்பவனுக்கு அப்பொருளுக்குப் பின்னே உள்ளது தெரியாது. மாலையில் அப்பலகையின் நிழல் விழுவது அந்த வாயிலின்மேல்தான். நும் முன்னோர் நிழலை அளக்கச் சொன்னது ஈரத்துணி காய்வதற்காக மட்டும் அன்று.

அளவில் பிழை நுமது என்று அப்போது முடிவுகட்டினோம். அத்துடன் நில்லாமல் இன்னொன்றும் எண்ணினோம். பதினைந்து முழத்துக்கு மேற்பட்ட உயரமுடையது எதுவாயினும் ஊர்ச் சபையின் ஒப்புதலோடு அரண்மனை முத்திரையும் வேண்டும் என்பது விதி. இப்படி ஒரு பலகைக்கு யாம் முத்திரை இட்டதாக எமக்கு நினைவே இல்லை. ஆகவே, ஒன்று நீவிர் முத்திரையின்றி எழுப்பினீர், அன்றேல் முத்திரையைப் போலியாகச் செய்தீர் என்று கொண்டோம். சபையோர் எழுவரையும் கட்டிக் கொண்டுவரச் சொல்லும் ஓலையை எழுதி, கட்டுக் கயிறும் சுற்றி வைத்தாயிற்று. அது இன்னும் எம் பேழையில் இருக்கிறது.

அந்நிலையில் ஐப்பசி பத்தொன்பதாம் நாள், பரதவர் சேரியின் வெண்ணி என்னும் பெண்மணி அரண்மனை வாயிலுக்கு வந்து நின்றார். இறந்த கொற்றனின் தமக்கை அவர். அப்படகுக்கும் உடையவர். ஆறு நாள் நடந்து வந்திருந்தார். நடந்து வந்ததையும் யாம் ஐயுற்றோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். பொலியனின் தொழிற்பகைவர் எவரேனும் அவரை ஏவியிருக்கலாம் அல்லவா? வழியில் எங்கெங்கே தங்கினார், சோறிட்டவர் யார், இப்படிப் பேசும்படி சொன்னவர் யார் என்றெல்லாம் அவரை ஒரு முற்பகல் முழுதும் நிற்கவைத்துக் கேட்டோம். அவர் எல்லாவற்றுக்கும் விடை சொன்னார். கடைசியில் அவர் எம்மைக் கேட்டதைக் கரணத்தார் எழுதி வைத்திருக்கிறார்:

“கடலுக்கு ஆளில்லேன்னு ஏட்டுல எழுதியிருக்காமே, சாமி. சாயங்காலம் அந்த நெழலுக்குள்ளதான் நாப்பது படகு வருது. படகுக்கு நாலு பேரு. நாங்கல்லாம் ஆளில்லையா? துணி கட்டுன அன்னைக்கு அது காத்துல ஆடிச்சு, எடையில எங்க பனை தெரிஞ்சுது. இப்படி மரமா வந்து நிக்கும்னு எங்களுக்கு யாரு சொன்னா? பிடுங்கிப் போடலாம்னு எந்தம்பி சொன்னான். நாந்தான் வேணாம்னேன். முத்திரை வச்ச பலகை, தொட்டா குத்தம்னு நாந்தான் தடுத்தேன்.”

முத்திரை வைத்த பலகை என்று எவ்வாறு சொல்கிறாய், அதை நீ கண்டாயா என்று அதட்டினோம். அவர் மடியிலிருந்து ஒரு மூங்கிற்குழாயை எடுத்துத் தந்தார். பலகையின் காலில், விதிப்படி எல்லாரும் பார்க்கும்படி, ஒப்புதல் ஓலையை இட்டுக் கட்டித் தொங்கவிடும் குழாய் அது. பலகையைத் தொடாமல் குழாயை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். அதுவும் குற்றந்தான் என்றும், தண்டம் இருந்தால் திரும்பிப் போகுமுன் சொல்லிவிடும்படியும் கேட்டார்.

ஓலையைப் பிரித்தோம். மான் முத்திரை இருந்தது. போலி என்று முதலில் சொன்னோம். உரக்கச் சொன்னோம் என்று கரணத்தார் கூறுகிறார். பிறகு சாளரத்தின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது மானின் வலக்கொம்பில் நுனி இல்லை. சென்ற பங்குனியில் முத்திரை எம் கையிலிருந்து கற்றரையில் விழுந்து அந்நுனி உடைந்தது. அதை யாம் மாமன்னருக்கும் சொல்லவில்லை, கொல்லருக்கும் சொல்லவில்லை, எம் மனையாளுக்கும் சொல்லவில்லை. போலி செய்பவன் முழுக்கொம்பைத்தான் செய்வான். உடைந்த கொம்பை அறிந்தவர் குமிழிநாட்டில் ஒருவரே.

அன்றே ஆடித் திங்களின் கட்டுகளை இறக்கித் தேடினோம். மூன்றாம் கட்டில் இருந்தது. இப்பலகை குறித்து யாம் நுமக்குப் பன்னிரண்டு வினாக்கள் விடுத்திருக்கிறோம். பலகைக்கான மரம் அரசக் காட்டில் வெட்டியதா, மஞ்சள் வண்ணம் அரசக் கொடியின் மஞ்சளோடு ஒக்குமா, பின்புறத்தில் ஏதும் எழுத எண்ணமுண்டா, பொலியன் என்பது அவர் தந்தை இட்ட பெயர்தானா, எழுதும் ஓவியர் எவ்வூரார் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டுக்கும் நீவிர் பொறுமையாக விடை எழுதியிருக்கிறீர். ‘கடலுக்கு மனைக்காரர் இல்லை’ என்ற வரியும் அக்கட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் எழுத்தாணியால் ஒரு சிறு கோடு கீறப்பட்டிருக்கிறது. படித்தோம், குறையில்லை என்பதற்கு யாம் இடும் கோடு அது.

இதுவரை யாம் என்று எழுதிவந்தேன். இனி யான் என்று எழுதுகிறேன், ஏனெனில் அக்கோட்டைக் கீறியது அரசும் அன்று, அவையும் அன்று. முப்பத்தோராண்டு ஓலைநாயகமாக இருந்து, வாழ்த்தையும் முடிச்சையும் வண்ணத்தையும் ஐயுற்றவன், ஐயுற வேண்டிய ஒரே வரியைக் கண்ணால் கடந்து போனேன். வெண்ணியை முற்பகல் முழுதும் நிற்கவைத்ததற்காக நாணுகிறேன். அவருக்கு இருக்கை தரும்படிகூட எனக்குத் தோன்றவில்லை.

மாமன்னரிடம் இதைச் சொன்னேன். முத்திரையையும் அவர் திருமுன் வைத்தேன். அவர் உடைந்த நுனியை விரலால் தடவிப் பார்த்து, முத்திரை என்னிடமே இருக்கட்டும் என்றும், கொம்பைச் செப்பனிட வேண்டாம் என்றும், தொடும்போதெல்லாம் விரலில் உறுத்தட்டும் என்றும் அருளினார்.

ஆகவே மாமன்னரின் ஆணையாக நுமக்கு அறிவிப்பது. இவ்வோலை கைக்கு வந்த அன்றே, மாலைப் படகுகள் திரும்புமுன், பலகையை இறக்குக. வணிகர் பொலியன் குற்றமற்றவர். அவருக்குக் கடைத்தெருவில் நிழலளந்து வேறிடம் தருக, அவர் பெயரை எவரும் இழிவாகப் பேசவும் வேண்டாம். நும் அளவையாளரை வேலையை விட்டு நீக்க வேண்டாம். கார்த்திகை முழுதும் நாள்தோறும் ஒரு பரதவர் படகில் ஏறி, தம் அளவுக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஆமைப்பாறை வாயில் வழியே அவர் கரைக்கு வரட்டும். இனிக் கடல்மேல் விழும் நிழலுக்குப் படகுடையோரே மனைக்காரர் என்று நும் ஏட்டில் எழுதுக. அவர்க்கான குடத்தைச் சபை மண்டபத்தில் வைக்காமல், படகுகள் இறங்கிய பின், மணலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவை ஆணைகள்.

இக்கடைசி ஏடு ஆணை அன்று. நும் சபைக்கு யான் இடும் விண்ணப்பம். இறக்கிய பலகையிலிருந்து இரண்டு முழ அகலமும் ஒரு முழ உயரமும் உள்ள துண்டொன்றை அறுத்து, ஆள் மார்பளவுக்கு மேற்படாத காலில், சுங்கமேட்டில் நட ஒப்புதல் வேண்டுகிறேன். அதில் எழுத எண்ணியிருப்பது: ‘பரதவர் கொற்றன், புரட்டாசி இருபத்தேழாம் நாள், எதிரே தெரியும் பாறையில் இறந்தான். அவன் வழியை மறைத்த பலகைக்குப் படித்தும் பாராமல் முத்திரையிட்டவன் பூதன் மழவராயன்.’ வண்ணம் கருப்பு. பின்புறத்தில் ஒன்றும் எழுதமாட்டேன். மரத்தில் நுமக்கு ஐயம் இருந்தால் கேளுங்கள். எத்தனை வினா விடுத்தாலும் விடை எழுதுவேன்.

வழக்கப்படி மூங்கிற்கால் நட்டுத் துணி கட்டி நிழலை அளந்துகொள்க. அது மிகச் சிறிது, மணலைத் தாண்டாது. ஆயினும் அந்நிழல் வெண்ணியின் மனைமேல் விழுவதாகவே கொண்டு, முதல் இலையை அவரிடம் கேளுங்கள். அவர் இலை இட்டால் பலகையை நடுக. அவர் தம் தம்பியின் பெயர் என் பெயரோடு ஒரு பலகையில் இருக்க வேண்டாம் என்று மறுத்தால், நட வேண்டாம். ஏன் மறுக்கிறார் என்று அவரை ஒருவரும் கேட்க வேண்டாம்.

ஐப்பசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், எழுத்தர் கைப்படாமல் யானே எழுதி, மும்முறை படித்து, கொம்பு நுனியற்ற மான் முத்திரை இட்டது. குழாயையும் இவ்வோலையையும் வெண்ணியே கொண்டு வருகிறார். அரண்மனை வண்டியில் வருகிறார். குழாயை எடுத்ததற்கு அவருக்குத் தண்டம் இல்லை.